வாடைக்குளிர்: வட சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து ஒரு சொல் வரலாறு

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் மேற்படிப்புக்காகக் கனடா சென்றார். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர் அவர். அங்கே கண்ட முதல் குளிர்காலத்தில் நமக்கு ஒரு மடல் எழுதினார். "இங்கே வானிலை அறிவிப்பில் இரண்டு எண்களைச் சொல்கிறார்கள், ஐயா. இன்று காலை வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 2 பாகை என்றார்கள். காற்றையும் சேர்த்துப் பார்த்தால் சுழியத்துக்குக் கீழே 9 என்றார்கள். இவற்றுள் எது உண்மை? இரண்டாவது எண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்பது மடலின் சாரம்.

முதல் வினா அறிவியல் ஆசிரியருக்கு உரியது, இரண்டாவது வினா மட்டுமே நமக்கு உரியது என்று அப்போது எண்ணினோம். விடை தேடப் புகுந்தபோது இரண்டும் ஒரே வினா என்பது புலப்பட்டது. குளிர் என்பது காற்றின் வெப்பநிலை மட்டுமன்று. வீசும் காற்றும், உடலில் தங்கும் ஈரமும், உடம்பின் நிலையும் சேர்ந்து உண்டாக்குவது. இதனைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே சொற்களில் பதிந்து வைத்தனர். அந்தச் சொற்கள் கோல சிலாங்கூர்த் தோட்டங்களிலும் புழங்கின. அவற்றின் வரலாற்றை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள்

தமிழ்மொழி காற்றைத் திசையால் பெயரிட்டது. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவை வெறும் திசைப்பெயர்கள் அல்ல. கொண்டல் என்றால் மழையும், கோடை என்றால் வெப்பமும், தென்றல் என்றால் இதமும், வாடை என்றால் நடுக்கமும் உடன் நினைவுக்கு வரும். இவற்றோடு ஊதை என்ற சொல்லும் உண்டு. ஊதுதல் என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் குளிர்ந்து வீசும் காற்றைக் குறித்தது.

தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் கூதிர், முன்பனி, பின்பனி ஆகிய மூன்றும் குளிரோடு தொடர்புடையவை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம்; மார்கழியும் தையும் முன்பனிக்காலம்; மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். தமிழகத்தில் வெப்பமானி மிகவும் இறங்கும் மாதங்கள் மார்கழியும் தையுமே. அப்படியிருக்க, அவற்றுக்கு முந்திய மழைப்பருவத்துக்குக் கூதிர் என்று குளிரின் பெயர் வாய்த்தது ஏன்? அப்பருவத்தில் மழை நனைக்கிறது. நனைந்த உடம்பின்மேல் வாடை வீசுகிறது. வெப்பநிலை அவ்வளவாக இறங்காதபோதும் உடல் நடுங்குகிறது. யாழ்ப்பாணத்தாரும் தென்தமிழ்நாட்டார் பலரும் இன்றும் குளிரைக் கூதல் என்றே சொல்வர். கூதிரும் கூதலும் ஒரே வேரின.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. நக்கீரர் பாடிய இப்பாட்டு, பெயரிலேயே வாடையைத் தாங்கியது. அதன் தொடக்கப் பகுதியை வானிலை அறிக்கையாகவே படிக்கலாம். வெள்ளத்துக்கு அஞ்சி மந்தைகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்ற கோவலர் மழையில் நனைந்து, நெருப்பைச் சூழ்ந்து நின்று நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. ஊருக்குள் விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன, சந்தனம் அரைப்பாரில்லை, தென்றல் வரும் சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. இளையோரும் முதியோரும் தடவு என்னும் கணப்புச் சட்டியின் அருகே அமர்கின்றனர். மழை, காற்று, நனைந்த உடை, நெருப்பு ஆகிய நான்கையும் புலவர் ஒரே காட்சிக்குள் வைத்தார். இன்றைய மருத்துவரும் குளிரால் உடல் தளர்ந்தவரைப் பற்றிக் கேட்கும் முதல் வினாக்கள் நனைந்தாரா, காற்றில் நின்றாரா என்பனவே.

பனி என்னும் சொல்லையும் இங்குக் கருதுதல் வேண்டும். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். அதாவது பொருளின் பெயரும் உடம்பு அதற்கு ஆற்றும் எதிர்வினையும் ஒரே சொல்லாக நின்றன.

கடலைக் கடந்த கூதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டவர்கள் இருவேறு குளிர்களைச் சந்தித்தனர். இலங்கை மலையகத்துக்குச் சென்றோர் கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டருக்கும் மேற்பட்ட நுவரெலியா வட்டாரத்துத் தேயிலை மலைகளில் உண்மையான மலைக்குளிரைக் கண்டனர். அங்கே கம்பளி இல்லாமல் வாழ இயலாது. கொழுந்து பறிக்கும் பெண் மழைக்கும் குளிருக்கும் தலையோடு போர்த்துக்கொண்டது கம்பளியே. தோட்டத்துரைமார் அச்சொல்லை ஆங்கிலத்தில் 'கம்ப்ளி' என்றே எழுதிக் கணக்கேடுகளில் பதிந்தனர். அதன் விலை தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறுவதும் உண்டு.

மலாயாவுக்கு வந்தோர் முதலில் கண்டது கடற்குளிர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்களில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்தவர்களுள் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். அவர்கள் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்தனர். வங்காள விரிகுடாவின் காற்று வெப்பமண்டலத்துக் காற்றுதான். ஆயினும் அலைத்துளியில் நனைந்த துணியோடு இரவு முழுதும் அதில் கிடந்தவர்க்கு அது வாடையேயாகும்.

அவர்கள் இறங்கிய சிலாங்கூர்க் கரையோரம் வெப்பமான நாடு. கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்தி மேல் நின்று பார்த்தால் ஒருபுறம் மலாக்கா நீரிணையும் மறுபுறம் சிலாங்கூர் ஆற்றின் சதுப்புநிலமும் தெரியும். அங்கே விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 பாகை அளவில் நிற்கும். மலேசியாவில் பதிவான மிகக்குறைந்த வெப்பநிலை 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் கண்ட 7.8 பாகை. அத்தகைய குளிர் தாழ்நிலத் தோட்டங்களுக்கு வந்ததில்லை. ஆகவே இங்கே குளிருக்கு இடமில்லை என்பது பொதுவான எண்ணமாயிற்று. கம்பளியைப் பற்றி எவரும் பேசவில்லை.

பெரட்டுக்கு முந்திய காற்று

ஆனால் பால்மரம் வெட்டியவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். கித்தா மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியலுக்கு முன்னரே. இரவில் மரம் நீரை உறிஞ்சி, பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து ஓட்டம் தளரும். எனவே தோட்ட வாழ்வின் கடிகாரம் விடியற்குளிரைச் சுற்றியே அமைந்தது. இருட்டில் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனி சொட்டும் மரங்களுக்கிடையே நடந்தனர். நெடுந்தொலைவில் நிரை இருந்தால் திறந்த லாரியில் ஏறிச் சென்றனர். கைக்குழந்தைகளைத் துணியில் சுற்றி ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற தாய்மாரை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். குழந்தையின் தலையையும் காதையும் முதலில் மூடு என்பது அங்கே கிழவிகள் சொல்லும் முதல் பாடம்.

இக்கரையோரத்துக்கே உரிய காற்று ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இரவில் மலாக்கா நீரிணைமேல் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, விடியலுக்கு முன்னரோ அதிகாலையிலோ சிலாங்கூர்க் கரையைத் தாக்கும். சுமாத்ரா தீவின் பக்கமிருந்து வருவதால் இதற்குச் 'சுமாத்ரா' என்றே பெயர். முதலில் பலத்த காற்றும், பின்பு பெருமழையும் வரும். சில நிமிடங்களில் காற்றின் வெப்பநிலை பல பாகை இறங்கிவிடும். பால்மரம் வெட்டும் நேரமும் சுமாத்ரா வரும் நேரமும் ஒன்றாகவே அமைந்தன. மரம் வெட்டியபின் மழை வந்தால் மங்கிலிருந்த பால் மழைநீரோடு வழிந்தோடும். அன்றைய உழைப்பு வீணாகும். ஆகவே தொழிலாளர் ஒதுங்கி நிற்கவில்லை. காண்டாவையும் வாளியையும் சுமந்துகொண்டு, நனைந்தபடியே பாலைச் சேர்க்க ஓடினர். கோல சிலாங்கூரின் கூதிர் இதுதான். வெப்பமானி 21 அல்லது 22 பாகை காட்டும் காலையில், முழுவதும் நனைந்த பருத்தி உடையோடு காற்றில் நின்றவரின் பற்கள் கிடுகிடுத்தன.

இதன் காரணம் எளியது. நம் தோல் தன்னை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலத்தைச் சூடாக்கி வைத்துக்கொள்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத போர்வை. காற்று வீசும்போது அப்போர்வை மீண்டும் மீண்டும் கலைந்துபோகிறது. உடல் மீண்டும் மீண்டும் சூட்டைச் செலவிடுகிறது. தோல் நனைந்திருந்தால் இழப்பு இன்னும் பெரிது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மேலும், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. மலாய் மக்கள் உடல்நலக் குறைவை 'மாசோக் ஆங்ஙின்' என்பர். காற்று உட்புகுந்தது என்பது பொருள். காற்று உட்புகுவதில்லை, வெப்பம் வெளியேறுகிறது என்பதே அறிவியல். எனினும் காற்றையும் உடல்நலத்தையும் இணைத்துப் பார்த்த அனுபவம் இரு மொழியாருக்கும் பொதுவானது.

குளிர் என்று சொன்ன காய்ச்சல்

வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றில் குளிர் என்னும் சொல் மற்றொரு கொடிய பொருளையும் தாங்கியது. அதுவே குளிர்காய்ச்சல். முறைவைத்து வருவதால் முறைக்காய்ச்சல் என்றும் சொல்வர். மலாய் மொழியில் 'டெமாம் குரா'. இன்று மலேரியா என்கிறோம்.

1897இல் ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். நான்காண்டுகளில் அவ்வறிவு சிலாங்கூருக்கு வந்தது. 1901இல் கிள்ளானில் மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், நகரத்தைச் சூழ்ந்த சதுப்புகளை வடியச் செய்தார். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் அவ்வாறே செய்யப்பட்டது. நோய் விரைந்து தணிந்தது. பின்னர் அவர் கரையோரத் தோட்டங்களையும் மலையோரத் தோட்டங்களையும் ஆராய்ந்து 1911இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட முக்கியமான உண்மை, கரையோரச் சதுப்பில் ஒருவகைக் கொசுவும், காடு வெட்டி வெயில் பட்ட மலையோர நீரோடைகளில் வேறுவகைக் கொசுவும் நோயைப் பரப்பின என்பது. எனவே ஓரிடத்தில் பயன் தந்த முறை மற்றோரிடத்தில் தீங்காகவும் முடிந்தது.

அக்காலத்தில்தான் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரமும் தோட்டமாகத் திருத்தப்பட்டது. 1917இல் ஹென்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். காட்டை வெட்டியவர்களுள்ளும் கன்று நட்டவர்களுள்ளும் தமிழர் மிகுதி. அவர்கள் உடம்பில் ஏறிய கொயினாவின் கசப்பு நம் பாட்டன்மார் நினைவில் இறுதிவரை இருந்தது.

மொழியியலாளர் இங்கே ஒன்றைக் கவனிப்பார். காய்தல் என்றால் சூடேறுதல். குளிர்காய்ச்சல் என்னும் தொகையில் குளிரும் சூடும் ஒன்றாக நிற்கின்றன. நோயும் அவ்வாறே. நோயாளி போர்வைக்கு மேல் போர்வை கேட்டு நடுங்கும் வேளையில் அவர் உடல்வெப்பம் 40 பாகைக்கு ஏறிக்கொண்டிருக்கும். குளிர்காய்தல் என்னும் மற்றொரு தொகையிலும் அதே இரண்டு சொற்களே உள்ளன. ஆனால் பொருள் நெருப்பருகே அமர்ந்து குளிரைப் போக்குதல். ஒன்று நோயின் பெயர். மற்றொன்று காப்பின் பெயர்.

இந்த வேறுபாடு தோட்டங்களில் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. விடியலில் ஒருவர் நடுங்கினால் அது நனைந்ததால் வந்த நடுக்கமா, காய்ச்சலின் தொடக்கமா என்று அறியவேண்டும். நனைந்தவரை உலர்த்திச் சூடேற்றவேண்டும். காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுக்கவேண்டும். "சும்மா பனிக்குளிர், மரத்துக்குப் போ" என்று அனுப்பப்பட்ட காய்ச்சல்காரர்கள் உண்டு என்பதை முதியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். குளிர் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்ததன் விலை அது.

காற்று எண்ணாக மாறியது

தமிழர் சொல்லால் குறித்ததை எண்ணால் குறித்தவர்கள் உலகின் மிகக் குளிர்ந்த நிலத்தில் பணியாற்றினர். சாரணச் சிறுவனாக 1928இல் தென்துருவப் பயணம் சென்ற பால் சைப்பிள், பின்னர்ப் புவியியல் அறிஞரானார். அவரும் சார்லஸ் பாசெல் என்பவரும் அண்டார்க்டிகாவில் நெகிழிக் குப்பியில் நீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தனர். காற்று மிக மிக நீர் விரைவில் உறைந்தது. இவ்வாய்வு 1945இல் வெளிவந்தது.

ஆனால் நீர்க்குப்பி மனித முகமன்று. மனித உடல் உள்ளிருந்து சூட்டை உண்டாக்குவது. குப்பி அவ்வாறு செய்வதில்லை. அதனால் பழைய கணக்கு குளிரை மிகைப்படுத்திக் காட்டியது. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் புதிய கணக்கை ஏற்றன. அதற்காகத் தன்னார்வலர் 12 பேர் குளிர்ந்த காற்றுக்குழாய்க்குள் நடந்தனர். அவர்களின் முகத்தோல் வெப்பம் எவ்வாறு குறைகிறது என்று அளந்தனர். அக்கணக்கின்படி காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது, வெப்பநிலை சுழியமாயின் முகத்துக்குச் சுழியத்துக்குக் கீழே 6 பாகைக்கு நிகரான இழப்பு உண்டாகும். வெப்பநிலை கீழே 10 ஆயின், கீழே 20க்கு நிகரான இழப்பு உண்டாகும்.

இவ்வெண்ணைப் புரிந்துகொள்வதில் மூன்று பிழைகள் நேர்கின்றன. முதலாவது, காற்று உண்மையில் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிட்டது என்று எண்ணுதல். காற்றின் வெப்பநிலை மாறுவதில்லை; தோலின் இழப்பு வேகம் மாறுகிறது. வெப்பநிலை சுழியத்துக்கு மேல் 2 பாகை எனில், காற்று எவ்வளவு வீசினாலும் வாளித்தண்ணீர் உறையாது. இரண்டாவது, எல்லா வெப்பநிலைக்கும் இக்கணக்கைப் பொருத்துதல். இது 10 பாகைக்கும் அதற்குக் கீழும் மட்டுமே பொருந்தும். கோல சிலாங்கூருக்குப் பொருந்தாது. மூன்றாவது, ஈரத்தை மறத்தல். இக்கணக்கு உலர்ந்த தோலுக்கு உரியது. நனைந்தவரின் இடர் இந்த எண்ணைவிட மிகுதி. ஆகவே கோல சிலாங்கூரில் எண் இல்லை என்பதால் இடரும் இல்லை என்று முடிவுசெய்தல் தவறு.

குளிரில் தற்காப்பு

இக்காலத்தில் நம் பிள்ளைகள் குளிர்நாடுகளுக்குப் படிக்கவும் பணிசெய்யவும் செல்கின்றனர். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் விடியலுக்கு முன் ஏறுகின்றனர். அங்கே வெப்பநிலை 5 பாகையும் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரும் ஆனால், முகத்துக்குச் சுழியத்துக்குச் சற்றே கீழான குளிர் கிட்டும். உள்ளூரிலும் மழையில் நனைந்தபடி மோட்டார்சைக்கிளில் நெடுந்தொலைவு செல்வோரைக் காண்கிறோம். அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லுதல் கடன்.

உடலின் உள்வெப்பம் 37 பாகை. அது 35க்குக் கீழிறங்கினால் இடர். தமிழ்ச் சொற்களே இங்கே படிநிலைகளைக் காட்டும். முதலில் உடல் நடுங்கும். நடுக்கம் உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் முயற்சி. அடுத்து விரல்கள் விறைக்கும். பொத்தானைப் போட இயலாது. பின்பு உறுப்பு மரத்துப்போகும். பேச்சுக் குழறி, புத்தி தடுமாறி, நடுக்கம் தானே நின்றுவிட்டால், அவர் தேறிவிட்டார் என்று கருதலாகாது. அதுவே மிகக் கொடிய நிலை. உடனே மருத்துவ உதவி நாடவேண்டும்.

முதற்செயல், காற்றிலிருந்து ஒதுக்குதல். அடுத்தது, நனைந்த உடையைக் களைந்து உலர்ந்ததை அணிவித்தல். தலையையும் கழுத்தையும் மூடுதல். நினைவு தெளிவாக இருப்பவருக்கு இனிப்பான சூடுபானம் கொடுக்கலாம். மரத்துப்போன விரல்களைத் தேய்க்கக்கூடாது. நெருப்பில் நேராகக் காட்டவும் கூடாது, உணர்ச்சியற்ற தோல் வெந்துபோவதை அவர் அறியமாட்டார். மீண்டும் உறையும் அச்சமில்லாத இடத்தில், உடற்சூட்டளவான வெதுவெதுப்பான நீரில் வைப்பதே முறை. உடை அணிவதில் ஒரே தடித்த ஆடையைவிட, இடையில் காற்று தங்கும் பல மெல்லிய அடுக்குகள் நல்லவை. பருத்தி நனைந்தால் காப்பதில்லை. கம்பளி நனைந்தும் ஓரளவு காக்கும். மலையகத்துப் பெண்கள் கம்பளியை நாடியதன் அறிவு அதில் உள்ளது. முதியோரையும் கைக்குழந்தைகளையும் இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும். அவர்கள் நடுங்குவது குறைவு, இழப்பதோ மிகுதி.

இரண்டு தவறான பழக்கங்களைச் சுட்டாமல் விடமுடியாது. ஒன்று, குளிருக்கு மது நல்லது என்னும் எண்ணம். தோட்டத்துக் கள்ளுக்கடையும் பின்னர் வந்த சம்சுவும் இந்த எண்ணத்தில் வளர்ந்தன. மது தோலின் இரத்தக்குழாய்களை விரிப்பதால் சூடு வந்ததுபோல் தோன்றும். உண்மையில் உள்ளிருக்கும் சூடு விரைவாக வெளியேறுகிறது. மற்றொன்று, மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்குதல். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா சென்றோர் இதனால் உயிரிழந்ததுண்டு. கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. குளிர்காய்தல் காப்புத்தான்; ஆனால் காற்றோட்டம் உள்ள இடத்தில் மட்டுமே.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

ஆசிரியர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். இரண்டு வெப்பமானிகளை மின்விசிறியின் முன் வைக்கவேண்டும். ஒன்றின் குமிழை உலர்ந்தவாறே விடவேண்டும். மற்றொன்றின் குமிழை ஈரப்பஞ்சால் சுற்றவேண்டும். விசிறி சுழன்றதும் உலர்ந்த வெப்பமானி அசையாது. ஈர வெப்பமானி சில பாகை இறங்கும். பின்பு மாணவர்கள் உலர்ந்த கையையும் நனைந்த கையையும் விசிறியின் முன் நீட்டவேண்டும். உலர்ந்த கையிலும் காற்றின் குளிர்ச்சியை உணர்வர். நனைந்த கையில் மிகுதியாக உணர்வர். அப்போது வாடை என்றால் என்ன, கூதிர் என்றால் என்ன, காற்றின் வெப்பநிலை மட்டும் ஏன் போதாது என்பவற்றை அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் கற்பிக்க முடியும்.

கலைச்சொல் ஆக்கத்தைப் பற்றியும் ஒரு கருத்து. காற்றின் விளைவால் தோல் உணரும் குளிரைச் சொல்லுக்குச் சொல்லாக மொழிபெயர்த்துப் பல நீண்ட தொடர்கள் உருவாகியுள்ளன. நாம் 'வாடைக்குளிர்' என்ற சொல்லை முன்வைக்கிறோம். வடதிசைக் காற்றைக் குறித்த வாடை பேச்சுவழக்கில் குளிர்காற்றுக்குப் பொதுப்பெயராகவும் வழங்குவதால், அது இப்பொருளை எளிதில் தாங்கும். மாணவர் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார். புதுச்சொல் தேடுமுன் பழஞ்சொல்லின் பொருட்பரப்பை அளந்து பார்ப்பது கலைச்சொல் ஆக்கத்தில் நல்ல முறை.

தோட்டங்கள் பல இன்று இல்லை. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. கித்தா நின்ற நிலத்தில் செம்பனையும் குடியிருப்புகளும் வந்துவிட்டன. பெரட்டு, மங்கு, காண்டா, ஆயாக்கொட்டகை ஆகியவற்றை அறியாத தலைமுறை வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறது. அச்சொற்களோடு, குழந்தையின் காதை முதலில் மூடச்சொன்ன அறிவும், நடுக்கத்தைக் கண்டால் நனைந்தானா, காய்கிறானா என்று நெற்றியைத் தொட்டுப்பார்த்த பழக்கமும் மறைந்துவிடக்கூடாது. மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் விடியற்குளிரைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி வருவார்களாயின், அதுவே நல்ல வரலாற்றுப் பணி.

அந்த மாணவிக்கு நாம் எழுதிய மறுமொழி இது: "இரண்டு எண்களும் உண்மையே. முதல் எண் காற்றுக்கு உரியது. இரண்டாவது எண் உன் முகத்துக்கு உரியது. அதற்கு வாடைக்குளிர் என்று பெயர் வைத்துக்கொள். வெளியே புறப்படும்போது இரண்டாவது எண்ணைப் பார்த்து உடுத்திக்கொள். நனைந்துவிட்டால் எந்த எண்ணையும் நம்பாதே. உடனே உள்ளே போய் உடை மாற்று."

அடுத்த மடலில், தலையையும் காதையும் மூடும் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கிவிட்டதாக எழுதியிருந்தார். அதைத் தொலைபேசியில் கேட்ட அவருடைய பாட்டி, "அதைத்தானே நான் முதல்லேயே சொன்னேன்" என்றாராம்.